ஐயா சொன்னா சரிதான்

பல்கலைக்கழக நூலகத்தின் கிழக்காசிய மொழிப் பிரிவு, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு சீன அகராதியோடு தொடங்கியது. அங்கே யாருக்கும் சீனம் தெரியாது. நூலகர் அதைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் நம்பர் சீட்டை ஒட்டி, அப்படியே அலமாரியில் நிறுத்தினார். பிறகு வந்த சீன, ஜப்பானியப் புத்தகங்களையும் அதைப் பார்த்தே நிறுத்தினார்கள். முப்பது வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் ஒரு கொரியக் கதைப் புத்தகம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக் கொரியன் தெரியும் என்பதால் அதை நேராக வைத்தாள்.

"தம்பி, தலைகீழா நிக்கிறே" என்றது அகராதி.

"நீங்கதான் ஐயா தலைகீழா நிக்கிறீங்க."

"இந்தப் பிரிவே என்னை வச்சுதான் ஆரம்பிச்சது. என் முதுகுல நம்பர் நேராத்தானே இருக்கு? வேணும்னா இவங்களைக் கேளு."

"ஐயா சொன்னா சரிதான்" என்றன மற்ற புத்தகங்கள். அன்றிலிருந்து கொரியப் புத்தகத்தோடு யாரும் பேசவில்லை.

நேற்று சீனம் படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். அகராதியை உருவி எடுத்ததும் சிரித்துவிட்டாள். ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, அதை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அகராதி தொண்டையைச் செருமிக்கொண்டு கொரியப் புத்தகத்தின் பக்கம் சாய்ந்தது.

"பாத்தியா தம்பி, இத்தனை வருஷமா சொல்றேன், இவங்களுக்கு நேரா நிக்கத் தெரியல."

"ஐயா சொன்னா சரிதான்" என்றன மற்ற புத்தகங்கள், தலைகீழாக நின்றுகொண்டே.