பெயர் அழிப்பு

பழங்கால எகிப்தில், மன்னரின் கோபத்துக்கு ஆளாகிச் செத்த பழைய கருவூல அதிகாரியின் பெயரை, அவருடைய கல்லறைச் சுவரிலிருந்து உளியால் சுரண்டிக்கொண்டிருந்தான் சிற்பி கென்னா. அதே பதவிக்கு வந்திருக்கும் நெப்செனி பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

"பேரு அழிஞ்சா மறு உலகத்துல அவருக்கு ரொட்டியும் பீரும் போய்ச் சேராதுங்களே, ஐயா. காலத்துக்கும் பட்டினிதான். பாவமா இல்லைங்களா?"

"ராஜா உத்தரவு. நீ வேலையப் பாரு."

"முடிஞ்சிருச்சுங்க. வேற எங்கயாச்சும் அந்தப் பேரு இருக்குங்களா?"

நெப்செனி சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு இடம் பாக்கி இருக்கு. எனக்குன்னு கட்டி வச்சிருக்கற கல்லறைக்கு வா."

"அங்க எப்படிங்க அந்தப் பேரு வந்துச்சு?"

"வாசல்ல என் பேரு இருக்கும். அதுக்குப் பக்கத்துல, அப்பா பேரு வெட்டியிருக்கற இடத்துல."