தாமதத்துக்குக் காரணம்

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கலைம்மா."

நான் சொன்னதும் அவள் தாளை முகத்துக்கு இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுபோனாள். குரல் மட்டும் ஏறவில்லை.

நர்சிங் இரண்டாம் ஆண்டு. வார்டில் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. பல வருடங்களாக நான் நடத்தும் செமினார் இது.

வகுப்பில் அவளுக்கு ஜெராக்ஸ் என்று பெயர். நான் வாயைத் திறந்தால் எழுத ஆரம்பிப்பாள். நடுவில் நான் அடிக்கும் ஜோக்கைக்கூடத் தேதி போட்டு எழுதுவாள். மேடம் இருமினால் அதையும் எழுதிடுவா என்று கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் இரண்டு வாரம் வகுப்புக்கே வரவில்லை. லீவ் லெட்டரும் இல்லை. அதற்குத் தண்டனையாகத்தான் இன்று முதல் ஆளாக எழுப்பினேன்.

நாற்பத்து நான்கு வயதுப் பெண், தையல் வேலை என்று தொடங்கினாள். முதலில் ரொட்டி இறங்கவில்லை. நனைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பிறகு நனைத்ததும் இறங்கவில்லை. இளைக்க இளைக்கத் தன் சட்டையைத் தானே மூன்று முறை பிடித்துத் தைத்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் இப்படி ஒரு விவரம் கிடைக்கும். பத்துக்கு ஒன்பது என்று குறித்தேன்.

உணவுக்குழாயில் புற்று. மருத்துவமனைக்கு வருவதற்குள் ஐந்து மாதம் ஓடியிருந்தது. சேர்த்த பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டார்.

"ஏன் இவ்வளவு தாமதம்?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். விழிப்புணர்வு இல்லை மேடம் என்பார்கள். நான் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

"விழிப்புணர்வு இருந்துச்சு மேடம்."

தாளை மேசையில் வைத்துவிட்டுத் தன் வகுப்பு நோட்டைத் திறந்தாள்.

"இந்த நோயைப் பத்திப் பாடம் நடந்த அன்னிக்கே, அவங்க வீட்டு ஆள் ஒருத்தங்க பாடம் எடுத்தவங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்காங்க. டெஸ்டுக்குக் கூட்டிட்டு வரவான்னு கேட்டிருக்காங்க."

"அதுக்கு என்ன சொன்னாங்களாம்?"

கேட்டது நான்தான். யாரோ ஒருத்தி மீது எனக்குக் கோபம்கூட வந்திருந்தது.

அவள் நோட்டைப் பார்த்துப் படித்தாள்.

"எந்த நோயை நடத்தினாலும் மறுநாளே அது உங்க வீட்டுக்கு வந்துடும். இந்த வாரத்துல நீ எட்டாவது ஆளு. போய் நல்லாத் தூங்கு."

வகுப்பு சிரித்தது.

நான் இழுக்கிற மாதிரியே 'எட்டாவது'வை இழுத்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் நான் சொல்லும் ஜோக். பழக்க தோஷத்தில் என் உதடும் சிரிக்கப் போய், பாதியில் நின்றது.

நடைபாதை நினைவுக்கு வந்தது. கையில் வருகைப் பதிவேடு. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கேட்டவளுக்காக நான் நிற்கக்கூட இல்லை, நடந்துகொண்டே சொன்னேன். அந்த வாரத்து முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். எட்டாவது ஆளுக்கு முகம் இல்லை. மார்போடு அணைத்த ஒரு நோட்டு மட்டும் இருந்தது.

அவள் நோட்டை மூடினாள். தாளை மறுபடி எடுத்து, மீதியிருந்த ஒரு வரியைப் படித்தாள்.

"நோயாளியுடன் இருந்தவர், மகள். நர்சிங் இரண்டாம் ஆண்டு."

கடைசி பெஞ்சுக்கு அது கேட்கவில்லை. அங்கே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.