துச்சாதனன் கை

"அண்ணா, அவருக்குக் காலு சுளுக்கிக்கிச்சு. ஊனவே முடியல. மொத தடவையா திரௌபதி வேஷம் கெடைச்சிருக்குதுன்னு வுட மாட்டேங்குறாரு. நீங்களாச்சும் மெதுவா இழுங்க," என்று துச்சாதனன் வேஷம் கட்டும் துரைக்கண்ணுவிடம் கெஞ்சினாள் பாவாடையின் மனைவி ரஞ்சிதம்.

"பாக்கலாம்மா."

யுத்தகால மண்ணெண்ணெய்ப் பஞ்சம். செஞ்சிக் கூத்துக்கு மங்கலாய் ஒரே விளக்கு. வழக்கப்படி கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரௌபதியைப் பிடித்து இழுத்தான் துரைக்கண்ணு. சபையெங்கும் சுழற்றினான். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

விடிந்ததும் ரஞ்சிதம் சீறினாள். "அவ்ளோ சொல்லியும் கேக்கலியே அண்ணா!"

"அவரை ஏசாத," என்றான் பாவாடை, சவுரியைக் கழற்றியபடி. "இடுப்பைப் புடிச்சுத் தூக்கிக்கினேதான் சுத்துனாரு. எங்காலு தரையில படவேயில்ல."

தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாமல் துரைக்கண்ணுவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.