காற்று விழுந்த வேளை

ஏரியில் காற்று விழுந்ததும் அமீர் ஜான் மட்டையோடு கரைக்கு வருகிறான். பழவேற்காட்டில் காற்று நின்றால் மகிழ்கிற ஒரே பிறவி இவன்தான். பத்து வருடமாக ரயில்வேக்கு இறகுப்பந்து ஆடுகிறவன். லீவில் வந்திருப்பதாகச் சொல்கிறான், யார் கேட்டார்கள்? திங்கட்கிழமை மெட்ராஸில் இந்த வருட ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், முப்பத்துமூன்று வயதில் இதுதான் கடைசித் தடவை என்பது தபால்காரர் வரைக்கும் தெரியும். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே பழைய வலை தொங்குகிறது. பந்துகளை அந்தப் பக்கம் அடிக்கிறான், வலைக்கடியில் குனிந்து போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு பொறுக்கி, திரும்ப இந்தப் பக்கம் அடிக்கிறான். மணலில் இரண்டு பக்கமும் அவன் காலடிதான். தண்ணீர் தகரம்போல் மின்னிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. "இன்னா தம்பி, எங்க ஊட்டு ஆம்பள ஏரி நடுவுல படகுப் பாயத் தொங்கவுட்டுகினு குந்திகினு இருக்குது, உனுக்குக் கோழி றெக்கையோட கொண்டாட்டமா?" என்கிறாள் கூடையோடு காத்திருக்கும் மீன்காரி கோவிந்தம்மா. அவன் சிரிக்கவில்லை. "அக்கா, கொஞ்ச நேரம் அந்தாண்ட வந்து நில்லேன். அடிக்க வேணாம். ஆள் நின்னா போதும்." அவள் கூடையை இடுப்பில் இடுக்கியபடியே போய், போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நிற்கிறாள். அவன் முதுகு நிமிர்கிறது. பந்தை உயர்த்தும்போது அவள் முந்தானை படபடக்கிறது. "காத்து வந்துடுச்சி நைனா!" என்று தண்ணீரோரம் ஓடுகிறாள். தூரத்தில் பாய்கள் ஒவ்வொன்றாகப் புடைக்கின்றன. ஆளில்லாத பக்கத்தைப் பார்த்து அவன் அடிக்கிறான். பந்து வலையைத் தாண்டாமல் திரும்பிவந்து அவன் காலடியிலேயே விழுகிறது.