ஜன்னல் வைத்த கடிதம்

உடம்பெல்லாம் ஜன்னல். ஊர் விட்டு ஊர் போகும், கால் கிடையாது. அது என்ன?

ரயில் என்று சொன்னால் தப்பு. விடுகதை போட்ட சின்னவளைக் கேட்டால், "எங்க அண்ணன் போடற கடிதம்!" என்பாள்.

போர்க்காலம் அது. அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சி முகாமில் இருந்தான். வாரம் ஒரு கடிதம் அம்மா பெயருக்கு வரும். எல்லாவற்றிலும் அங்கங்கே சதுரமாக ஓட்டை.

"முகாம்ல ஒரு அதிகாரி உட்கார்ந்து வெட்டறாராம். ராணுவ ரகசியமாம்," என்பாள் அம்மா.

சாயங்காலம் சின்னவள் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பாள். அப்பா பூட்டு ரிப்பேர் செய்கிறவர். கடையைப் பார்த்துக்கொள்ளாமல் பட்டாளத்துக்குப் போன மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். வழியனுப்பக்கூடப் போகவில்லை. அதனால் அவர் கடிதத்தைக் கேட்பதில்லை. சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மட்டும் அரத்துக்குச் சத்தமே வராது.

"'இங்கே எல்லாரும் என்னை...' ஓட்டை. '...கழுதை மேல ஏத்திட்டாங்க.'"

"என்னது?"

"நடுவுல காணோம்ப்பா."

"பிஸ்கட்டைப் பத்தி ஏதாவது?"

"இல்லைப்பா."

"அந்த ஓட்டையிலதான் இருந்திருக்கும். நல்லா இருக்குன்னு எழுதியிருப்பான். அதையும் வெட்டிட்டான் பாவி! பிஸ்கட்டுல என்ன ராணுவ ரகசியம்?"

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று அப்பாவே மாவு பிசைந்து, பிஸ்கட் சுட்டு, டப்பாவில் அடைப்பார். "தபால்ல போட்டுடு. நான் அனுப்பினேன்னு தெரிய வேண்டாம்," என்பார் அம்மாவிடம். டப்பா மேல் முகவரி அவர் கையெழுத்தில்தான் இருக்கும்.

அண்ணனைச் சேர்த்துக்கொண்ட உத்தரவு, முகாமில் எடுத்த புகைப்படம், ஓட்டைக் கடிதங்கள் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தன. அதற்குப் போட்டிருந்தது கடையிலேயே உசத்தியான பூட்டு. "தொலைஞ்சா உங்க அம்மா அழுவா, அதுக்குத்தான்," என்பார் அப்பா.

சின்னவளுக்கு வேறு கவலை. அவளுக்கும் அண்ணனுக்கும் விடுகதைப் பந்தயம். தோற்றவர் ஜெயித்தவரின் காலணியை ஒரு மாதம் துடைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஓட்டை விழுந்தால் மறுபக்கமும் போகுமே! அண்ணன் எழுதும் விடை பாதி நேரம் அதோடு போய்விடும். அந்த ஆத்திரத்தில்தான் ஜன்னல் விடுகதையை எழுதி அனுப்பினாள். அவன் எழுதும்போது கடிதத்தில் ஏது ஓட்டை? அவனால் கண்டுபிடிக்கவே முடியாது.

மறுநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தால், ஜன்னலோரம் அண்ணன் கடிதம். அம்மா கையில் தையல் கத்தரிக்கோல். சரக், சரக்.

அதிகாரியாவது, ராணுவமாவது!

சின்னவள் வந்த சுவடு தெரியாமல் வெளியே போனாள். வெட்டாத கடிதம் ஒன்று கையில் கிடைக்கட்டும். அப்பாவிடம் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான்.

கிடைத்தது. அதுவும் புதன்கிழமை. அம்மா சர்க்கரை வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தாள். அப்பா மாவும் கையுமாக இருந்தார்.

"அப்பா! ஓட்டையே இல்லாத கடிதம்! ஏன் இல்லைன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல கேளுங்க."

"படி, படி. ஒரு வரி விடாம."

"'அம்மா, நான் சௌக்கியம். ஓடி ஓடி ரெண்டு செருப்பு அளவுக்குக் கால் வீங்கிடுச்சு...'"

அப்பா சிரித்தார். சின்னவள் அடுத்த வரிக்குப் போனாள். வாய் அப்படியே நின்றுவிட்டது.

'எத்தனை தடவைம்மா எழுதறது? அப்பாவோட பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லு. ஒண்ணைக் கடிச்சுப் பக்கத்துக் கட்டில்காரனுக்குப் பல் ஆடுது. மீதியை லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கோம். நான் சொன்னேன்னு சொல்லாம நீயே பக்குவமா நிறுத்திடு.'

"ஏன் நிறுத்திட்டே?" அப்பாவின் மீசையெல்லாம் மாவு. கருகாத பிஸ்கட்டாகப் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டிருந்தார். "பிஸ்கட்டைப் பத்தி எழுதியிருக்கானா?"

சின்னவள் கடிதத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இங்கே ஓட்டைப்பா."

"இல்லைன்னியே!"

"அவசரத்துல பார்க்கலை. பெரிய ஓட்டை."

"பெரிசாவா?" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இந்தத் தடவை நிறையவே புகழ்ந்திருக்கான். இன்னும் ரெண்டு கிண்ணம் மாவு எடு!"

மாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, சின்னவள் உள்ளே போய்த் தையல் பெட்டியைத் திறந்தாள். வெட்டுவதற்கு முன் காகிதத்தைத் திருப்பினாள். சரியாக அந்த இடத்துக்குப் பின்னால், 'குட்டிப்பிசாசே, உன் விடுகதைக்கு விடை ரயில். நான் ஜெயிச்சேனா?' என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தாள். வெட்டினாள்.

அம்மா வந்ததும் கடிதத்தை வாங்கினாள். ஓட்டையைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள்.

"அதிகாரிக்கு இன்னிக்குக் கை நேரா வரலை போலிருக்கே?"

"புது அதிகாரிம்மா. பழகிடுவாங்க."

ராத்திரி அண்ணனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். உண்மையான விடையை எழுதினால், கடிதத்தில் ஜன்னல் எப்படி வந்தது என்று அவன் கேட்பான்.

'விடை ரயில்தான். நீ ஜெயிச்சுட்டே,' என்று எழுதினாள்.