மூன்றாம் மேசை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு என்னுடையது. எதையாவது முன்னே பின்னே சொல்லி, பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிடக் கூடாது.

என் ஒரே மகள் ஜானகி. ஆயர் குரோ நகரில் இருக்கும் யுனிவர்சிட்டியில் ஹோட்டல், சுற்றுலா நிர்வாகம் படிக்கிறாள்.

"நிர்வாகமாம்! தட்டு தூக்கறதுக்கு எதுக்குலா யுனிவர்சிட்டி? ஆப்பக் கடைக்கு அனுப்பியிருந்தா சம்பளமாவது வந்திருக்கும்."

பக்கத்து வீட்டு மங்களம் அக்காவுக்கு இதே பேச்சு.

அன்று அவர் கையில் இரண்டு சாப்பாட்டுக் கூப்பன். அவர் வேலை செய்யும் கிளினிக்கில் கொடுத்ததாம். அந்த யுனிவர்சிட்டியில் ஒரு பயிற்சி உணவகம் இருக்கிறது. மாணவர்களே சமைத்து, மாணவர்களே பரிமாறுவார்கள்.

"கிளம்பு உஷா. உன் மக என்ன கிழிக்கிறான்னு கண்ணால பாத்துட்டு வருவோம்."

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாமேக்கா."

"சொன்னா நடிப்பா. சொல்லாமப் போனாத்தான் உண்மை தெரியும்."

மறுத்திருக்கலாம். ஆனால் எனக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. இவள் படித்துப் பெரிய ஆளானபின், நாலு பேர் முன்னால் என்னை அம்மா என்று சொல்வாளா?

போனோம். மூன்றாம் மேசையில் உட்கார வைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை. எதைத் தொட்டால் எது விழுமோ என்று கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

பரிமாற வந்தது ஜானகி.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். வெளி ஆளுக்குச் சிரிக்கும் சிரிப்பு.

"குட் ஆஃப்டர்நூன், மேடம். வெல்கம்."

மேடம்!

மங்களம் அக்கா என் காதருகே குனிந்தார். "கேட்டியா? பெத்தவ மேடமாயிட்டா."

பேசினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

சூப் வந்தது. ஜானகி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அடுத்துக் கோழி வந்தது. மங்களம் அக்காவுக்கு முழுத் துண்டு, பக்கத்தில் கத்தியும் முள்கரண்டியும். எனக்கு மட்டும் சின்னச் சின்னதாக வெட்டிய கோழி, ஒரே ஒரு கரண்டி.

"பாத்தியா அநியாயத்த! உனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா. எஸ்டேட்காரின்னு எளக்காரம்லா!"

சுற்றிலும் எல்லோரும் கத்தியும் முள்ளுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தட்டு மட்டும் குழந்தைக்கு வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"வாட்டர், மேடம்?" ஜானகி தண்ணீர் ஜாடியோடு வந்து நின்றாள்.

"வேணாம்."

அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். வீட்டுக்கு வரட்டும், பெத்தவளை மறக்கச் சொல்லித் தரும் படிப்பு நமக்கு வேண்டாம், அடுத்த பருவத்தோடு நிறுத்து என்று சொல்லிவிட வேண்டியதுதான். மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் நகர்ந்ததும் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். ரவீந்திரன் என்று கோட்டில் பெயர் இருந்தது. விரிவுரையாளராம். நல்ல வேளை, தமிழ் பேசினார்.

"சாப்பாடு பிடிச்சிருக்காம்மா? இன்னைக்கு இவங்களுக்குப் பரீட்சை. விருந்தாளிங்க சொல்றதையும் வச்சுத்தான் மார்க் போடுவோம். அதனால ஒண்ணு கேக்கணும். பரிமாறின பொண்ணு உங்களுக்குச் சொந்தமா?"

"ஏன் சார்?"

"சொந்தம்னா இந்த மேசைய வேற பிள்ளைக்கு மாத்திடுவோம். அதான் விதி. சித்த முன்ன அஞ்சாவது மேசையில ஒரு பையன் பழக்கத்துல 'அம்மா'ன்னு கூப்பிட்டுட்டான். உடனே மாத்தவேண்டியதாப் போச்சு. பாவம், அம்மா வந்தும் ஒரு கிளாஸ் தண்ணி ஊத்த முடியல அவனால. அங்க பாருங்க, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான்."

அந்த 'மேடம்' எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து வீங்கிப்போன மணிக்கட்டு என்னுடையது. கத்தி பிடித்து எதையாவது அறுத்தால் ரெண்டு நாளைக்கு வலிக்கும். வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் வெங்காயத்தை என் கையிலிருந்து பிடுங்கி வெட்டுகிற ஒருத்திக்கு மட்டும் அது தெரியும்.

அந்த ஒருத்தி இப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் என் பங்கு இனிப்பு. கண் முழுக்கக் கெஞ்சல்.

மங்களம் அக்கா வாயைத் திறந்தார். மேசைக்கடியில் அவர் காலை அழுத்தி மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "யாரோ என்னவோ சார், நாங்க இன்னைக்குத்தான் பாக்குறோம்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

"நீங்கம்மா? பொண்ணப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

பொய் சொன்னால் எனக்கு நாக்குக் குழறும். மாட்டிக்கொண்டால் பிள்ளைக்கு ஆபத்து. வெள்ளைத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னேன்.

"யார் பெத்த பிள்ளையோ சார்... ரொம்ப நல்லா வளத்திருக்காங்க!"