முந்திய கை

கீழே வேன் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கணவன் எந்த நிலையில் வருகிறான் என்பது அந்தச் சத்தத்திலேயே பஞ்சுக்கைக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மாடி ஏறி வர அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் அவளும் மகளும் ஒளிய அந்த வீட்டில் இடமில்லை. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய குளியலறை, வெளியே போக ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் அவனும் வருவான்.

பஞ்சுக்கை என்பது நாற்றுப்பண்ணையில் அவளுக்கு வைத்த பெயர். தக்காளி நாற்றின் இலையில் நோய்ச்சாறு தேய்ப்பது அவள் வேலை. விரலில் சாற்றைத் தொட்டு, துளி பொடிமணல் சேர்த்து, இலைக்கு நோகாமல் ஒரு தடவு.

நோயைத் தடுக்க நோயையே தேய்ப்பார்களா என்று சேர்ந்த புதிதில் அவள் மலைத்து நின்றாள். ஆய்வக மேடம் சிரித்துக்கொண்டே விளக்கினாள். இது சாது வைரஸ். இலைக்குள் போனதும் செடி அதன் மரபிழையைப் பிடித்துத் துண்டு துண்டாக நறுக்கும். அந்தத் துண்டுகளைக் கையிலேயே வைத்துக்கொள்ளும், திருடனின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற காவலாளி மாதிரி. பிறகு அதே வம்சத்துப் பொல்லாத அண்ணன் வந்தால், துண்டோடு ஒத்துப் பார்த்து அவனையும் நறுக்கிவிடும்.

ஒன்றே ஒன்று, சாது முந்த வேண்டும். பொல்லாதவன் முந்திக்கொண்டால் பிறகு எதைத் தேய்த்தும் பயனில்லை.

சாது மட்டும் செடியை விட்டுப் போகவே போகாது. ஆயுசுக்கும் உள்ளேயேதான் இருக்கும்.

அந்த வாரமே பஞ்சுக்கை அதை வீட்டில் செய்து பார்த்தாள். மகள் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கீழே போட்டு உடைத்திருந்தாள். படியில் காலடி கேட்டதும் மகளை இழுத்து நிறுத்தி ஓர் அறை விட்டாள். உள்ளங்கையைக் குழித்து அடித்தால் சத்தம் வீடு அதிரக் கேட்கும், கன்னம் சிவக்காது.

வாசலில் நின்றவன் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தான். விடு, சின்னப் பொண்ணு, பாவம் என்றான். அவ்வளவு நல்லவனாக அவனை அவள் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு மகள்மேல் அவன் கை பட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கை முந்திக்கொண்டது.

மகள் விசும்பி விசும்பி அழுவாள். நிஜ அடி என்று நம்பித்தான் அழுகிறாள் என்று பஞ்சுக்கை நினைத்தாள். நம்பட்டும். அம்மாவை வெறுத்தாலும் பரவாயில்லை, உடம்பு முழுசாக இருந்தால் போதும்.

ஆனால் இன்று தப்பு மகளுடையது அல்ல.

அதே பண்ணையில்தான் அவன் வேன் ஓட்டுகிறான். மதியம் சிகரெட்டை வாசலில் நசுக்கிவிட்டுக் கண்ணாடிக் கூடத்துக்குள் வந்தவன், இன்னும் சாறு தேய்க்காத நாற்றுகளை வாஞ்சையாகத் தடவிக் கொடுத்தான். புகையிலை பட்ட விரலில் பொல்லாத வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். மேடம் பார்த்துவிட்டாள். தட்டுத் தட்டாக நாற்று குப்பைக்குப் போயிற்று.

அங்கே பால் கலந்த தண்ணீரில்தான் கை கழுவ வேண்டும், வைரஸைப் பால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் பார்க்க, மேடம் அவனைத் தொட்டியின் முன் நிறுத்தி விரல் விரலாகக் கழுவ வைத்தாள். ஐயா இன்னும் பால்குடி மறக்கவில்லை போல என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது.

பஞ்சுக்கையும் சிரித்துவிட்டாள். அதை அவன் பார்த்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் மகளிடம் கொட்டியிருந்தாள்.

காலடி கடைசித் திருப்பத்தில் கேட்டது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள் என்று மகளுக்குச் சைகை காட்டினாள். மகள் புத்தகத்தை மூடிவைத்து எழுந்தாள், போகவில்லை.

பஞ்சுக்கை பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது. தனக்காக முந்திக்கொள்ள ஆளில்லை என்பது இத்தனை வருஷத்தில் இன்றுதான் உறைத்தது.

பூட்டில் சாவி திரும்பியது.

"அறிவிருக்கா உனக்கு? நாலு பேர் முன்னாடி அப்பாவைப் பாத்து சிரிச்சிருக்கே. வீட்டுக்கு வந்தா சோறு கேக்குதா உனக்கு, சோறு?"

மகள்தான். ஒவ்வொரு சொல்லும் அவன் பேச்சிலிருந்து நறுக்கி எடுத்த துண்டு.

அடுத்த நொடி பஞ்சுக்கையின் கன்னத்தில் அறை விழுந்தது. வீடு அதிர்ந்தது.

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பெல்ட்டில் இருந்த கை மெல்ல இறங்கியது. குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"விடும்மா. அம்மாதானே, பாவம்."

மகள் திரும்பிப் போய்ப் புத்தகத்தின் முன் உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை. மடியில் கிடந்த வலது உள்ளங்கை இன்னும் குழிந்தே இருந்தது.

பஞ்சுக்கை அடுப்பைப் பற்றவைத்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிவந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். துளிகூட வலிக்கவில்லை.

இத்தனை நாளும் மகளுக்கும் இப்படித்தான் வலிக்காமல் இருந்திருக்கிறது.